முதுகுக்குச் சுவர், கண்ணுக்குத் திறப்பு: ஒதுங்கி அமர்வதற்கான சிறு இடங்களை வடிவமைத்தல்

மேசைமேல் ஒரு போர்வையை விரித்து, நான்கு பக்கமும் தொங்கவிட்டு, உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளாத குழந்தை அநேகமாக இருக்காது. அங்கே நிமிர்ந்து உட்கார முடியாது, புழுங்கும், வெளிச்சமும் குறைவு. ஆனாலும் பெரியவர்கள் கூப்பிட்டால் வெளியே வர மனம் வராது. ஒதுங்கி அமர்வதற்கும் அமைதியாக யோசிப்பதற்கும் உரிய சிறு இடங்களை வடிவமைக்கக் கற்றுக்கொள்ள விரும்புபவர், எந்தக் கட்டடத்தையும் பார்க்கப் போவதற்கு முன்னால், அந்தப் போர்வைக் கூடாரத்தில் என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தது. தலைக்கு மேல், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு மூடல் இருந்தது. போர்வையின் இரண்டு விளிம்புகள் சேராத இடத்தில் ஓர் இடுக்கு இருந்தது. அதன் வழியே வெளியில் நடமாடுபவர்களின் கால்கள் தெரிந்தன. நாம் அவர்களைப் பார்த்தோம், அவர்கள் நம்மைப் பார்க்கவில்லை.

ஜே ஆப்பிள்டன் என்னும் ஆங்கிலேயப் புவியியலாளர் 1975-இல் முன்வைத்த கோட்பாடு ஏறத்தாழ இதையே சொல்கிறது. தான் மறைந்திருந்தபடி சுற்றுப்புறத்தைப் பார்க்க முடிகிற இடங்கள் மனிதனுக்கு இயல்பாகவே பிடித்துப்போகின்றன என்பது அவருடைய வாதம். காட்சியும் காப்பும் ஒருசேர அமைய வேண்டும். காட்சி மட்டும் இருந்தால் அது மொட்டைமாடி. காப்பு மட்டும் இருந்தால் அது பெட்டி. இதற்கு மின்தூக்கியைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. அது சிறியது, நான்கு பக்கமும் மூடியது, பெரும்பாலும் அமைதியானதும்கூட. ஆனால் அதில் யாரும் இளைப்பாறுவதில்லை. அங்கே முதுகைச் சாய்க்க இடமில்லை. பார்வையை நிறுத்த ஒரு புள்ளி இல்லை. அடுத்தவர் நம்மிடமிருந்து 45 சென்டிமீட்டருக்குள் வந்து நிற்கிறார், அது நெருங்கியவர்களுக்கு மட்டும் நாம் அனுமதிக்கிற தூரம். சிறியதாக இருப்பதனாலேயே ஓர் இடம் புகலிடமாகிவிடாது.

ஒடுங்குதல் என்ற சொல் தமிழில் உடல் குறுகுவதையும் மனம் அடங்குவதையும் ஒருங்கே குறிக்கிறது. இந்த வகை இடங்களின் வேலையும் அதுதான்: முன்னதைக் கொண்டு பின்னதை வரவழைப்பது. இவற்றை ‘ஆட்கொள்ளும் இடங்கள்’ என்றும் சொல்கிறார்கள். குளத்தில் மூழ்கியவரை நீர் எல்லாப் பக்கமும் தொடுவதுபோல, ஒரே வகையான ஒளியும் ஒலியும் தொடுகையும் உள்ளே இருப்பவரைச் சூழ்ந்துகொள்வதையே அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். சுவரெங்கும் படம் ஓடவிட்டு, நிறம் மாறும் விளக்குகளைப் பொருத்தி, அதற்கும் இதே பெயரைச் சூட்டுகிற வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அது வேடிக்கை பார்க்கும் இடம். அதில் குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் அங்கே கவனம் வெளியே இழுக்கப்படுகிறது. நாம் பேசும் இடத்திலோ கவனம் திரும்பி வர வேண்டும்.

எவ்வளவு சிறியது என்ற கேள்விக்கு வரலாறு துணிச்சலான விடைகளைத் தந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானியத் தேநீர்ச் சடங்கை நெறிப்படுத்திய சென் நோ ரிக்யூவின் கைவண்ணமாகக் கருதப்படும் தையான் என்னும் தேநீர்க் குடிலில், ஆட்கள் அமரும் பகுதி இரண்டே பாய் அளவு, அதாவது மூன்றேகால் சதுர மீட்டர் சொச்சம். லெ கொர்பூசியே 1950-களின் தொடக்கத்தில் பிரான்ஸின் தென்கடற்கரையில் தமக்கென்று கட்டிக்கொண்ட மரக்குடிலின் உட்புறம் 3.66 மீட்டர் நீளம், அதே அகலம், கூரை 2.26 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சராசரி உயரமுள்ளவர் கையைத் தூக்கினால் தொட்டுவிடலாம். உலகெங்கும் பெரிய கட்டடங்களை எழுப்பிய ஒருவர் தாம் தங்குவதற்கு அந்த அளவு போதும் என்று முடிவெடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் தரையின் பரப்பைக் காட்டிலும், அதற்கும் உயரத்துக்கும் உள்ள உறவே உணர்வைத் தீர்மானிக்கிறது. ஜெர்மனியின் வாகன்டோர்ஃப் கிராமத்து வயல் நடுவே சுவிட்சர்லாந்துக் கட்டடக்கலைஞர் பீட்டர் ஜூம்தோர் வடிவமைத்து 2007-இல் நிறைவுபெற்ற சிறு வழிபாட்டுக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். சிலர் மட்டுமே நிற்கக்கூடிய தரை. ஆனால் உயரம் 12 மீட்டர். கூரை தாழ்ந்திருந்தால் உடல் அடங்குகிறது, நேரம் மெதுவாகிறது. தரை குறுகி உயரம் ஓங்கியிருந்தால் பார்வை தானாக மேலே ஏறுகிறது. முதலாவது நெடுநேரம் அமர்வதற்கு, இரண்டாவது சற்று நேரம் நிற்பதற்கு. எதை வேண்டுகிறோம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே அறையில் வேண்டுவோர் இரண்டுங்கெட்டானான ஓர் அறையையே பெறுவார்கள்.

இந்தக் கூடம் கட்டப்பட்ட விதம் தனியே சொல்லத் தகுந்தது. 112 மரத்தண்டுகளைக் கூம்பு வடிவில் சாய்த்து நிறுத்தினார்கள். அவற்றைச் சுற்றி, ஒவ்வொன்றும் அரை மீட்டர் கனமுள்ள 24 அடுக்குகளாகக் கான்கிரீட்டை இட்டுத் திமிசு போட்டு இறுக்கினார்கள். பிறகு உள்ளேயிருந்த மரங்களுக்கு வாரக்கணக்கில் மெல்லக் கனன்று எரியும் தீயை வைத்தார்கள். மரம் போய்விட்டது; மரத்தின் குழிவும், கரியும், புகை மணமும் சுவரில் தங்கிவிட்டன. கான்கிரீட் வார்ப்பதற்காகச் சுவரை ஊடுருவி விடப்பட்டிருந்த சிறு துளைகளைக் கண்ணாடிக் குமிழ்களால் அடைத்தார்கள். இப்போது இருண்ட சுவரில் அவை பனித்துளிகளைப்போல மின்னுகின்றன. உச்சி திறந்தே இருக்கிறது. உருக்கி ஊற்றிய ஈயமும் வெள்ளீயமும் கலந்த தரையில் மழைநீர் விழுந்து தேங்குகிறது. அலங்காரம் என்று தனியாக அங்கே ஏதும் சேர்க்கப்படவில்லை. கண்ணில் படுவது எல்லாமே கட்டிய வேலையின் தடயம்.

இனி, தொடக்க நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற பகுதிக்கு வருவோம். அறையை வரைகிறார்கள், அறைக்கு வந்து சேரும் வழியை வரைவதில்லை. தெருவின் இரைச்சலிலிருந்து ஒருவரைத் தூக்கி நேரே அமைதியில் வைத்தால், அவர் அமைதியை உணர்வதற்கே சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் எழுந்தும் போய்விடுவார். இதற்கு உடலியல் காரணமும் உண்டு. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், திறந்தவெளியில் நண்பகல் வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கலாம். அமைதியாக அமரும் அறைக்கு 50 லக்ஸே தாராளம். வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வரும் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. முதல் சில நிமிடங்களில் நடப்பது அதில் ஒரு பகுதிதான். ஆகவே வாசலுக்கும் அறைக்கும் நடுவே பாதி வெளிச்சமுள்ள நடையோ, ஒரு திருப்பமோ, நிழல் விழும் முற்றமோ இருக்க வேண்டும். ஜூம்தோரின் கூடத்துக்கு வயல் வழியே சற்று தூரம் நடந்தே போக வேண்டும். பிறகு ஒரு முக்கோண வடிவ எஃகுக் கதவு. அதற்குப் பிறகு ஒருவர் மட்டும் நுழையக்கூடிய இருண்ட வழி. உள்ளே சென்று சேரும்போது கால் ஏற்கெனவே மெதுவாகியிருக்கிறது.

தேநீர்க் குடில்கள் இதை இன்னும் கடுமையாகச் செய்தன. விருந்தாளி தோட்டத்துக் கற்கள்மேல் பார்த்துப் பார்த்து அடி வைத்து வர வேண்டும். கற்களின் இடைவெளியே நடையின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிறகு உயரமும் அகலமும் 60 முதல் 80 சென்டிமீட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு திறப்பின் வழியே முழந்தாளிட்டு உள்ளே புக வேண்டும். இடுப்பில் வாள் தரித்த வீரனும் வாளை வெளியே வைத்துவிட்டுத்தான் வர முடியும். குனிந்து நுழைந்தவருக்கு, உள்ளே நிமிரும்போது இரண்டு பாய் அறையும் விசாலமாகத் தெரிகிறது. வாசலைச் சிறிதாக்கி அறையைப் பெரிதாக்கும் இந்த உத்தி எவ்வளவு பழையதோ அவ்வளவு பலிக்கக்கூடியது.

ஆனால் அதை அப்படியே இன்று நகலெடுப்பது சரியாகாது. முழங்கால் மடக்க இயலாதவரையும் சக்கர நாற்காலியில் வருபவரையும் வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே அமைதி நிலவுகிறது என்று சொல்லிக்கொள்வது அழகல்ல. கதவின் தடையற்ற அகலம் 80 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. உள்ளேயோ முன்நடையிலோ நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். குனிய வைக்காமலேயே சுருக்கத்தை உணர்த்த முடியும். நடையின் கூரையை 2.1 மீட்டருக்கு இறக்கலாம், சுவரைக் கருமையாக்கலாம், காலடியில் கல்லிலிருந்து மரத்துக்கு மாறலாம். கதவுக்கு உள்ளிருந்து பூட்டு இருக்கலாம். ஆனால் உள்ளிருப்பவர் ஒரு கை அசைவில் திறக்க முடிய வேண்டும், அப்படித் திறக்கலாம் என்பது அமர்ந்த இடத்திலிருந்தே அவர் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். புகலிடத்துக்கும் சிறைக்கும் உள்ள வேறுபாடு பல நேரங்களில் அந்தக் கைப்பிடிதான்.

ஒளியைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒளி எங்கிருந்து வருகிறது என்று தெரியக் கூடாது, அது எதன்மேல் விழுகிறது என்று தெரிய வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளலாம். ஏரோ சாரினென் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்காக வடிவமைத்து 1955-இல் திறக்கப்பட்ட சிற்றாலயம், வழக்கமான சன்னல்களே இல்லாத ஒரு செங்கல் உருளை. அதைச் சுற்றி ஆழமற்ற நீரோடை ஒன்று இருக்கிறது. வெயில் நீரில் பட்டு எதிரொளித்து, சுவரின் அடிப்பகுதியிலுள்ள வளைவுகள் வழியே கீழிருந்து மேலாக உள்ளே வருகிறது. உட்சுவரில் அலை ஆடுகிறது. வெளியே காற்று வீசுகிறதா இல்லையா என்பது உள்ளே அமர்ந்திருப்பவருக்குச் சுவரைப் பார்த்தே தெரிகிறது. வெளியுலகம் அங்கே அறுபட்டுப்போகவில்லை, வடிகட்டப்பட்டு வருகிறது.

இதற்கு எதிர்ப்புற உதாரணமாக ஹூஸ்டன் நகரிலுள்ள ரோத்கோ சிற்றாலயத்தைச் சொல்ல வேண்டும். ஓவியர் மார்க் ரோத்கோ தாம் வரைந்த நியூயார்க் கூடத்தில் கிடைத்ததைப் போன்ற கூரைவழி ஒளியை அங்கே விரும்பினார். 1971-இல் ஆலயம் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. டெக்சாஸின் வெயிலோ நியூயார்க்கின் வெயில் அல்ல. பளீரென்ற ஒளி கூரை வழியே கொட்டியது. எண்கோண அறையின் 14 கருமையான ஓவியங்களும் அதில் தத்தளித்தன. கூரையின் கீழே தடுப்புகளைத் தொங்கவிட்டார்கள்; அப்போது அறை மங்கிப்போனது. 2020-இல் புதிய கூரைச்சாளரம் அமைத்துச் சீர்ப்படுத்தும்வரை இந்த இழுபறி நீடித்தது. ஓர் ஊரின் ஒளியை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக முடியாது. கட்டப்போகும் இடத்தில், கட்டப்போகும் திசையில், எந்த நேரத்தில் வெயில் எங்கே விழுகிறது என்பதைப் பல நாள் பார்த்துவிட்டே கோடு போட வேண்டும்.

திறப்பின் விளிம்பும் முக்கியம். அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரெல் 1970-களிலிருந்து அமைத்துவரும் வான் அறைகளில் கூரையின் நடுவே ஒரு திறப்பு இருக்கும். அதன் விளிம்பைக் கத்தி முனைபோல மெலிதாக்கி, கூரையின் கனம் கீழிருந்து தெரியாதபடி செய்வார். விளிம்பின் தடிமன் தெரியாததால் வானம் தூரத்தில் இருப்பதாகக் கண்ணுக்குப் படுவதில்லை. கூரையில் ஒட்டிய நீலத் தகடுபோலக் கைக்கெட்டும் தூரத்தில் இறங்கி வந்துவிடுகிறது. அதே திறப்பை அரை மீட்டர் ஆழமுள்ள குழிவாக அமைத்தால் வானம் எட்டாக் கிணறு ஆகிவிடும். சில சென்டிமீட்டர்களில் நிகழும் மாற்றம் இது.

மற்றபடி ஒளிக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. திறப்பு ஒன்றே போதும். அது அமர்ந்திருப்பவரின் முகத்துக்கு நேரே பளீரென்று இருந்தால் கண் கூசும், சுவரெல்லாம் கறுத்துவிடும். பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ சுவரை உரசிக்கொண்டு இறங்கினால், சுவரின் சொரசொரப்பு எழுந்து நிற்கும். மின்விளக்கு தேவைப்பட்டால் விளக்கை மறைத்து வையுங்கள், மஞ்சள் சாயலுள்ளதைத் தேர்ந்தெடுங்கள், மங்கவைக்கும் விசையைப் பொருத்துங்கள்.

ஒலி, தொடக்கக்காரர்களைப் பெரிதும் ஏமாற்றும் விஷயம். வெறும் கான்கிரீட் அறை படத்தில் மிகுந்த அமைதியோடு தோன்றும். உள்ளே போய்த் தும்மிப் பாருங்கள். ஒரு சிறு கணக்கைப் போடலாம். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 22.5 கன மீட்டர்; ஆறு பக்கங்களின் மொத்தப் பரப்பு 48 சதுர மீட்டர். வழுவழுப்பான கான்கிரீட் தன்மேல் படும் ஒலியில் சுமார் 2 சதவீதத்தையே உறிஞ்சும். ஒலியியலில் வழங்கும் சபைன் வாய்பாட்டில் இந்த எண்களை இட்டால், ஒரு கைத்தட்டல் அடங்க ஏறத்தாழ 3.8 வினாடி ஆகும் என்று விடை வருகிறது. துணி உரசும் ஓசைகூட அங்கே தங்கிவிடும். அதே அறையில் 12 சதுர மீட்டர் பரப்பை மட்டும், 60 சதவீத ஒலியை உறிஞ்சக்கூடிய கம்பளத் துணியாலோ இழைப்பலகையாலோ மூடினால், அந்த நேரம் அரை வினாடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதே வடிவமைப்பாளரின் தேர்வு. ஓத வேண்டுமா, பாட வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா? மௌரியப் பேரரசர் அசோகர் தம் ஆட்சியின் பன்னிரண்டாம் ஆண்டில் ஆசீவகத் துறவியருக்கு வழங்கிய, பீகாரின் பராபர் குன்றுகளில் குடைந்த சுதாமா குகையில், சுவர்கள் கண்ணாடிபோல மெருகேற்றப்பட்டிருக்கின்றன. எழுப்பிய குரல் நெடுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். ஒற்றைக் குரல் அங்கே பலவாகிவிடும். அங்கே உரையாட முடியாது. அதுவேதான் நோக்கமாக இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வெளிச் சத்தத்தைத் தடுப்பது வேறு வேலை, அதற்குக் கனம் வேண்டும். மெத்தென்ற பொருள்கள் உள்ளே எழும் எதிரொலியை அடக்கும். தெருச் சத்தத்தை அவை நிறுத்துவதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சுவரெங்கும் பஞ்சு ஒட்டிவிட்டு, பேருந்தின் உறுமல் அப்படியே வருகிறதே என்று வியப்பவர்கள் பலர். கனத்த சுவரும், கதவுக்கடியில் விரல் நுழையும் இடுக்கு இல்லாமையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஹெல்சிங்கியின் பரபரப்பான சதுக்கமொன்றில் 2012-இல் திறக்கப்பட்ட கம்ப்பி மௌனக்கூடம், வணிக வளாகத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. சன்னல் இல்லாத மரக்கிண்ணம்போன்ற அதன் அறைக்குள் கூரையின் ஓரத்தைச் சுற்றி மட்டும் பகலொளி வழிகிறது. மக்கள் கடைப் பையோடு வந்து சிறிது நேரம் அமர்ந்துவிட்டுப் போகிறார்கள்.

பொருள்களைப் பற்றி ஒன்றே சொல்லத் தோன்றுகிறது: கை படும் இடங்களில் செலவிடுங்கள். ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் உலோகம் சில்லிடுகிறது, மரம் சில்லிடுவதில்லை; உலோகம் தோலின் சூட்டை விரைந்து இழுத்துக்கொள்வதே காரணம். ஆகவே இருக்கையும் கைப்பிடியும் முதுகுப்புறமும் மரமாகவோ நார்த்துணியாகவோ இருப்பது நலம். கண் மட்டும் தொடும் தூரத்துச் சுவர் எதுவாகவும் இருக்கலாம். தையான் குடிலில் பூவோ எழுத்துச் சுருளோ வைக்கும் மாடத்தின் உள்மூலைகளை மண்சாந்தால் வளைத்துப் பூசி மறைத்திருக்கிறார்கள். மூலை தெரியாததால் ஆழம் எங்கே முடிகிறது என்று கண்ணால் அளக்க முடிவதில்லை. கைப்பிடி மண், அவ்வளவுதான், மாடம் இருளுக்குள் நீண்டுபோகிறது. வண்ணங்கள் குறைவாக இருக்கட்டும். சுவரில் பொன்மொழிகள் வேண்டாம். படிக்கத் தொடங்கிய மனம் அமர்வதில்லை.

காற்றை யாரும் நினைப்பதில்லை. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். மேலே சொன்ன 22.5 கன மீட்டர் அறையை இறுக மூடினால், ஒரு மணி நேரத்தில் அந்த வாயுவின் அளவு பத்து லட்சத்தில் 800 பங்கு உயர்ந்துவிடும். வெளிக்காற்றில் ஏற்கெனவே உள்ளதையும் சேர்த்தால் 1,200-ஐத் தாண்டும். இருவர் இருந்தால் அரை மணியே போதும். தலை கனத்துத் தூக்கம் வருவதைத் தியானம் கைகூடுவதாக எண்ணிக்கொள்ளும் அபாயமும் உண்டு. தரையோரத்தில் ஒரு நுழைவழியும் கூரையோரத்தில் ஒரு வெளிவழியும் வைத்து, இரண்டையும் வளைந்த குழாய்போல அமைத்து உள்ளே கம்பளத் துணி ஒட்டினால், காற்று வரும், சத்தம் வராது. இயந்திர விசிறி வைத்தாக வேண்டுமென்றால் அறைக்குள் வைக்காமல் தூரத்தில் வையுங்கள். அதன் முனகல் மற்ற எல்லாச் செலவையும் வீணாக்கிவிடும்.

இவையெல்லாம் தீர்மானமான பிறகு, இருக்கையை எங்கே வைப்பது? முதுகு சுவரோடு சேர வேண்டும். கதவு ஓரக்கண்ணில் பட வேண்டும். திறப்பு எதிரிலோ சற்றுப் பக்கத்திலோ இருக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 115 முதல் 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். தரையில் சம்மணமிட்டவருக்கு அது 75 முதல் 80. சன்னலின் அடிவிளிம்பு 90 சென்டிமீட்டரில் இருந்தால் முன்னவர் மரங்களைப் பார்ப்பார், பின்னவர் வானத்தை மட்டும் பார்ப்பார். இரண்டும் நல்ல அறைகளே. ஆனால் வேறு வேறு அறைகள்.

வரைபடத்தை நம்பிச் செங்கல் வாங்கிவிடாதீர்கள். தரையில் ஒட்டுநாடாவால் அளவைக் குறித்து, கம்புகளை நட்டு, பழைய விரிப்புகளையும் அட்டைகளையும் கட்டி, உண்மை அளவில் ஒரு மாதிரியை எழுப்பிவிடலாம். அரை நாள் வேலை. அறையை எந்த நேரத்தில் பயன்படுத்தப் போகிறோமோ அதே நேரத்தில், அரை மணி நேரம், கைப்பேசி இல்லாமல் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் ஒருமுறை இப்படிச் செய்தபோது, வரைபடத்தில் மிகச் சரியாக இருந்த இருக்கை என்னைப் பத்து நிமிடத்தில் எழுப்பிவிட்டது. காரணம் பிடிபட நேரமாயிற்று: முதுகுக்கும் துணிச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. பின்னால் யாரோ நிற்பதுபோன்ற உறுத்தல். முக்காலியைப் பின்னுக்குத் தள்ளி, முதுகை ஒட்டிப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தேன். பிறகு எழுந்து பார்த்தபோது, எதிரேயிருந்த திறப்பின் ஒளி அட்டைச் சுவரில் இரண்டு கையகலம் நகர்ந்திருந்தது.